பதினான்காம் குழியில் தங்கன் எண்ணிய கணக்கு

1

வாசலில் பனி இன்னும் கரையாமல் கிடக்கும்போதே கோல்ஃப் மைதானத்து அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்துவிடும். ஆகஸ்டில் விளையாடுவதற்கு இப்போதே ஆட்களின் பெயரைக் கேட்பார்கள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் முன்பதிவு. சாகிறதென்றாலும் திகதி எடுத்துவிட்டுத்தான் சாகவேண்டும் என்று காத்தான்குடி நவாஸ் சொல்வான்.

இந்த ஆகஸ்டில் எங்கள் போட்டிக்கு இருபதாவது வருடம். மட்டக்களப்பில் ஒன்றாகப் படித்துவிட்டு ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் வந்து குடியேறிய பன்னிரண்டு பேர் வருடத்தில் ஒரு சனிக்கிழமை ஆடுகிற ஆட்டம். பெயர் மட்டும் பெரிது: வாவிக் கிண்ணம். அமைப்பாளர் நான். தலைவர், செயலாளர், தொண்டர், ஏச்சு வாங்குகிறவர் எல்லாம் நான்தான்.

இம்முறை அலுவலகத்தில் புதிதாக ஏதோ முறை கொண்டுவந்திருக்கிறார்கள். படிவத்தைத் திறந்தால் பழைய பன்னிரண்டு பெயரும் தானாகவே வந்து நிற்கின்றன. முதல் பெயர் தங்கராசா, எங்கள் தங்கன். அதை எடுக்க வேண்டுமென்றால் காரணம் கேட்கிறது: காயம், இடமாற்றம், விருப்பமின்மை, வேறு. நான் ‘வேறு’ என்பதை அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. இருநூறு எழுத்துக்குள் விளக்க வேண்டுமாம். வந்த கோபத்தில் கணினியை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் கொள்ளாததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்குக் கோல்ஃப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குமே அது பெரிதாகப் பிடிக்காது.

2

தங்கன் கிரான்காரன், வயல் செய்கிற குடும்பம். நவாஸ் காத்தான்குடி. நான் அதற்கு அடுத்த ஊர், ஆரையம்பதி. பிரச்சினைக் காலத்தில் எங்கள் தமிழ், முஸ்லிம் ஊர்கள் நின்ற நிலைக்கு, ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போமோ தெரியாது. இங்கே வந்து முதல் மூன்று வருடமும் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் மூவரும் ஒரே சட்டியில் சோறு தின்றோம். நவாஸ் தொழும்போது தங்கன் ரிவியின் சத்தத்தைக் குறைப்பான். நான் குறைக்க மறந்தால் எனக்கு ஏச்சு விழும்.

தங்கனுக்கு முதலில் கிடைத்த வேலை ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லு வெட்டுவது. வெட்டுவது, தண்ணீர் விடுவது, மருந்தடிப்பது. “வயல விட்டுட்டு வந்தன் எண்டு பாத்தா இஞ்சயும் அதே வேலதான் மச்சான். விளைச்சல் மட்டும் இல்ல” என்பான். திங்கட்கிழமை பின்னேரங்களில் வேலைக்காரர்களும் விளையாடலாம் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அவன் எங்களையும் கூட்டிக்கொண்டு போனான். பழைய மட்டை மூன்று, ஆளுக்கு ஒன்று. பந்தைத் தேடிய நேரம்தான் அதிகம்.

விளையாட்டு பெரிய வித்தை இல்லை. சின்ன வெள்ளைப் பந்து, பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியிலும் எத்தனை அடியில் பந்தைப் போட்டாய் என்பதுதான் கணக்கு. கூட்டிப் பார்த்து ஆகக் குறைந்த அடி அடித்தவன் வென்றான். நடுவர் கிடையாது. அவனவன் அடியை அவனவன்தான் எண்ணி அட்டையில் எழுத வேண்டும். கூட ஆடுகிறவன் கடைசியில் கையெழுத்து வைப்பான். ஆளை நம்பி நடக்கிற விளையாட்டு.

முதல் நாளே தங்கன் பந்துக்கு முன்னால் நின்று “லாபம்” என்று சொல்லித்தான் அடித்தான். அடுத்த அடிக்கு “ரெண்டு”, அதற்கடுத்து “மூண்டு”. நெல்லடிக்கிற களவெட்டியில் சூடு அடித்து நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அவனுடைய அப்பா அளந்தபோது பக்கத்தில் நின்று கேட்ட வாய், கனடாவிலும் அப்படித்தான் எண்ணியது. எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு சேர்ந்தவர்களுக்கும் தொற்றியது. பன்னிரண்டு பேரும் குழிக்குக் குழி லாபம், லாபம் என்று கத்திக்கொண்டு போவதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அது என்னவென்று கேட்டார். அது ஒரு வகையான பிரார்த்தனை, துஆ என்று நவாஸ் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றினார்.

கிண்ணம் பழைய சாமான் கடையில் எடுத்தது. அதில் ஏதோ ஒரு பெண்கள் குழுவின் பெயர் வெட்டியிருந்தது. அழிக்க முடியவில்லை. அதற்கு மேலே எங்கள் பெயர்களை ஒட்டினோம். இத்தனை வருடத்தில் தங்கன் பெயர் ஏழு தடவை வந்திருக்கிறது. அந்தப் புல்லை வெட்டியவன் அல்லவா, பந்து எந்தப் பக்கம் உருளும் என்று அவனுக்குத் தெரியும்.

என் பெயர் ஒரே ஒரு தடவை. அந்தத் தடவையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

3

நான் முப்பது வருடம் போத்தல் மூடி செய்கிற ஆலையில் வேலை செய்தேன். பட்டியில் ஓடி வருகிற மூடிகளில் பழுதானதைக் கண்டுபிடித்து எடுத்து எறிவது என் வேலை. அந்தப் புத்தி வீட்டிலும் போகவில்லை. சோற்றில் கல், மகளின் பள்ளி அறிக்கையில் குறை, மற்றவன் பேச்சில் பிழை, எது இருந்தாலும் என் கண்ணில்தான் முதலில் படும். “உனக்குக் கண்ணாடி தேவையில்ல, கண்ணுக்கு ஒரு மூடிதான் தேவ” என்று தங்கன் பகிடி பண்ணுவான்.

மூன்று வருடத்துக்கு முந்திய போட்டியில் தங்கனும் நவாசும் நானும் ஒரே குழு. பதினான்காம் குழியில் தங்கனின் பந்து குளத்தோரத்து நீட்டுப் புல்லுக்குள் விழுந்தது. “மூண்டு” என்று அடித்தான், வரவில்லை. “நாலு.” வரவில்லை. “அஞ்சு.” பந்து கொஞ்சம் நகர்ந்தது. நிமிர்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு “லாபம்” என்று சொல்லி அடித்தான். நவாஸ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தங்கன் தொடர்ந்து எண்ணிக்கொண்டு போய் நாலாவது என்று குழியில் போட்டான். அட்டையில் நாலு என்று எழுதினான். உண்மையில் ஒன்பது.

பதினாறிலும் அதுதான் நடந்தது. பதினேழிலும் அதுதான். நான் என் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் சரியான கணக்கை எழுதிக்கொண்டு வந்தேன். அந்த இடத்திலேயே “டேய், பிழையா எண்ணுறாய்” என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இருபது வயதிலிருந்து ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு திரிந்தவர்களுக்கு அது ஒரு பேச்சே இல்லை. நான் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசை வந்துவிட்டது எனக்கு.

ஆட்டம் முடிந்து பூங்காவில் மதியச் சாப்பாடு. மனைவிமார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாற்பது பேருக்குக் குறையாது. தங்கனின் மனைவி கமலா புரியாணிச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். வென்றவர் தங்கன் என்று எல்லாரும் கைதட்டியபோது நான் எழும்பினேன். கையில் அட்டை.

“தங்கராசாவின்ர அட்டை ரத்து” என்றேன். தங்கன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆலையில் பழுதான மூடிக்குத் துண்டு எழுதுகிற மாதிரி முழுப்பெயர் சொன்னேன். எந்தெந்தக் குழியில் எத்தனை அடி மறைத்தான் என்று வாசித்தேன்.

தங்கன் என்னிடமிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“நான் பிழையா எண்ணிட்டனா நடா?” என்று கேட்டான்.

அவன் கேட்ட விதத்தில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டான். அது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது நடிப்பென்று பட்டது.

“பிழையா எண்ணல்ல. களவா எண்ணினாய்” என்றேன்.

அவனுடைய மகன், முப்பது வயதுக்காரன், தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். கமலா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு தங்கனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவர்கள் கொண்டுவந்த புரியாணியை நாங்கள் சாப்பிட்டோம்.

இரண்டாவதாக வந்தவன் யார் என்று இதுவரை நான் சொல்லவில்லை. நான்தான். தங்கனின் அட்டை ரத்தானதும் கிண்ணம் எனக்கு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தேன்.

4

அடுத்த வருடம் தங்கன் வரவில்லை. “ரோசம்” என்றேன். அதற்கடுத்த வருடமும் வரவில்லை. வந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெரிய மனம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் நவாஸ் தொலைபேசி எடுத்தான்.

“நடா, தங்கன் வருத்தக்காரன்டா. ஞாபகம் இல்லாமப் போகிற வருத்தம். நேத்துக் கடைக்குப் போனவன் வீட்டுக்கு வாற பாத தெரியாம, வேற ஆள்ட வாசல்ல போய்க் குந்திக்கிட்டு இரிந்திரிக்கான். கமலா அழுறா.”

“எப்ப இருந்து?” என்று கேட்டேன்.

“டொக்டர் நாலஞ்சு வருசம் எண்டு சொல்றாரு.”

நாலைந்து வருடம். நான் விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதில்தான் நான் கெட்டிக்காரன் ஆச்சே. அந்தச் சனிக்கிழமை அதற்குள்தான் விழுகிறது. அன்றைக்குக் காலையில் தங்கன் வேறு யாரோ ஒருவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நவாசை, செத்துப்போன அவனுடைய அண்ணனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். என்னிடம் மகள் எங்கே படிக்கிறாள் என்று மூன்று தடவை கேட்டான். அவள் வேலைக்குப் போய் எட்டு வருடம். எல்லாம் என் கண்ணில் பட்டது. ஒன்றும் எனக்குப் பழுதாகத் தெரியவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன கதையையும் நவாஸ்தான் சொன்னான். தங்கனுக்கு அப்போதே இங்கிலிஷ் கைவிடத் தொடங்கியிருந்தது. முப்பத்தைந்து வருடம் பேசிய மொழி, பின்னால் வந்தது முன்னால் போனது. அதனால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சென்னைப் பக்கத்துப் பெண்பிள்ளையாம். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த மிருகங்களின் பெயரெல்லாம் சொல்ல வேண்டும். தங்கன் உசாராகிவிட்டான். கன்று, நாகு, கிடாரி, நாம்பன், எருது என்று கிரான் பட்டியில் நின்ற மாட்டையெல்லாம் வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மாடு, மாடு, அதுவும் மாடு என்று இங்கிலிஷில் சொன்னாள். டொக்டர் ஒரு புள்ளி போட்டார்.

“இப்ப என்ன காலம் என்று கேள்” என்றார் டொக்டர். வெளியில் முழங்கால் அளவுக்குப் பனி. “மாரி” என்றான் தங்கன். பனிக்காலத்துக்கும் நாங்கள் இங்கே அந்தச் சொல்லைத்தான் சொல்வோம். அது மழைக்காலம் என்று மொழிபெயர்ந்தது. அதற்குப் புள்ளியே இல்லை.

நவாஸ் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்து இடையில் நிறுத்திவிட்டான். மறுபக்கத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

இதில் எல்லாரையும்விட நொந்தவன் அவனுடைய மகன். அவனிடம் இருக்கிற தமிழ் சாப்பாட்டுக்கும் ஏச்சுக்கும் மட்டும் காணும். தகப்பனுக்கு இங்கிலிஷ் போன பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாசையும் மிஞ்சவில்லை. கிழமைக்கு ஒருதரம் வந்து “சாப்பிட்டீங்களா அப்பா” என்று கேட்பானாம். சாப்பிட்டேன் என்பானாம் தங்கன். பிறகு இரண்டு பேரும் ரிவியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். என் மகளுக்கும் எனக்கும் எத்தனை சொல் மிஞ்சும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். பயமாக இருந்தது.

நான் போய்ப் பார்த்தேனா? இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். என் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம். இந்தக் கிழமை பனி, அடுத்த கிழமை தடிமன், அதற்கடுத்த கிழமை விருந்தாளி. ஒருநாள் போய், அவன் வீட்டுத் தெருமுனைவரை போய், காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வெட்கம். கமலா கதவைத் திறந்தால் எந்த முகத்தைக் காட்டுவது? மகள் கேட்டாள், “போன் பண்ணவாவது உங்களுக்கு என்ன கஷ்டம் அப்பா?” அவள் கேட்டது இங்கிலிஷில். அந்தப் பாசையில் கேட்டால் எதுவும் சின்ன விசயமாகத்தான் இருக்கிறது.

முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டார்கள். வரிசை நீளம். கிடைத்த ஒன்றிலும் தமிழ் பேசுகிற ஆள் ஒருவரும் இல்லை. போன மாரிக்கு முன்னர் கமலா அவனைக் கூட்டிக்கொண்டு கிரானுக்கே போய்விட்டாள், தன் தம்பி வீட்டுக்கு. விமானநிலையத்துக்கு நவாஸ் போனான். நான் போகவில்லை.

5

இந்த மாசி மாதம் போனேன். ஆரையம்பதியில் காணி அலுவல் என்று வீட்டில் சொன்னேன். காணி அலுவல் ஒன்றும் இல்லை.

விமானத்தில் பதினெட்டு மணித்தியாலம் ஒரே வேலைதான். அவனிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். ‘தங்கன், உன்னைக் கள்ளன் எண்டு சொன்னன். நான்தான் கள்ளன். உன்ர கிண்ணத்தை வீட்டில வைச்சிருக்கிறன்.’ இதைச் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு விளங்குகிற நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். கிண்ணத்தையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனேன். கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சிநேகிதனுடையது என்றேன்.

ஆரையம்பதியிலிருந்து கிரானுக்கு ஓட்டோவில் போனேன். அறுவடைக் காலம். வெட்டுகிற மெசின்கள் வயல்வட்டை முழுவதும் இரைந்துகொண்டு நின்றன. வீதியின் ஒரு கரையில் நெல் காயப்போட்டிருந்தார்கள். கமலாவின் தம்பி வீட்டு மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் தங்கன் இருந்தான். சாரமும் வெள்ளைப் பெனியனும். மெலிந்திருந்தான். ஆனால் முகம் தெளிந்திருந்தது. கனடாவில் இருந்த கடைசி வருடங்களில் அந்த முகம் பயந்த முகமாக இருந்ததென்று நவாஸ் சொல்லியிருந்தான்.

கமலா என்னைக் கண்டு ஒருகணம் நின்றாள். பிறகு, “வாங்க அண்ணன்” என்றாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“இஞ்ச பாருங்க, ஆர் வந்திரிக்காரு எண்டு” என்று அவனிடம் சொன்னாள்.

தங்கன் எழும்பினான். “வாங்க, வாங்க. இரிங்க” என்றான். “கமலா, வந்தவருக்குத் தேத்தண்ணி ஊத்து.”

வந்தவர். இருபது வயதிலிருந்து டேய், மச்சான் தவிர வேறு சொல் அவன் வாயிலிருந்து எனக்கு வந்ததில்லை. நான் இருந்தேன். கிண்ணத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். வாங்கி, நல்ல சாமான் என்று பார்த்து, மரியாதையாக என்னிடமே திருப்பித் தந்தான்.

“தங்கன், நான் நடாடா. நடராசா” என்றேன்.

“நடாவா?” அவன் முகம் மலர்ந்தது. “நடா கனடாவில எல்லோ. உங்களுக்கு அவனத் தெரியுமா?”

கமலா குசினி வாசலில் நின்றுவிட்டாள்.

“தெரியும்” என்றேன்.

அவன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டான். ரகசியம் பேசுகிறவனைப் போலக் குனிந்தான்.

“அவன் நல்ல பொடியன். கொஞ்சம் கோவக்காரன். என்னோட கோவமா இரிக்கான். நான் எண்ணினதில பிழ வந்திட்டு. தல இருட்டின மாதிரி வந்து, எண்ணிக்கிட்டு வந்தது கையால விட்டுட்டுப் போயிட்டு. மறுகா முதல்ல இருந்து துவங்கினன். களவெடுக்கல்ல. அவன் களவெண்டு நினைச்சிட்டான்.”

மனைவியின் தம்பியை யாரென்று தெரியாது, தன் மகனின் பெயர் தெரியாது. இது மட்டும் ஒரு வரி பிசகாமல் இருந்தது. எல்லாம் அழிந்துபோன இடத்தில் என்னுடைய அந்தச் சொல் மட்டும் அழியாமல் கிடந்திருக்கிறது.

“அவன் உங்களிட்ட மன்னிப்புக் கேட்டவன்” என்றேன். “அவனுக்கு இப்ப விளங்கியிட்டு. களவு அவன்தான் செய்தவன். அதச் சொல்லச் சொல்லித்தான் என்ன அனுப்பினவன்.”

தங்கன் என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தான். அடையாளம் கண்டுவிட்டான் என்று நினைத்தேன்.

“நீங்க ஏன் அழுறீங்க?” என்று கேட்டு என் தோளைத் தட்டினான். “சிநேகிதனுக்குள்ள என்ன மன்னிப்பு? எனக்கு ஒண்டும் இல்ல. ஆனா ஆள் விட்டுச் சொல்றது சரியில்லத்தானே. அவனையே வரச் சொல்லுங்க. ஒருக்கா வந்து முகத்தக் காட்டினாக் காணும்.”

“சொல்லுறன்” என்றேன்.

“எப்ப வருவான்?”

அவன் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

“கெதியா வருவான்” என்றேன்.